மழை இருட்டினால் மணக்கிற வீடு

கேள்வி: டொக்டர், நாங்கள் ஒட்டுசுட்டான் பக்கம் இருக்கிறோம். இந்திய வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீடு. அறைகளில் வெறும் சீமெந்துத் தரை, கூடத்தில் மட்டும் சிவப்புச் சீமெந்து. ஜிம்மி என்று பதினொரு வயதுக் கடுவன் நாய் இருக்கிறான். மழை தொடங்கினால் வெளியே போகமாட்டான், கூடத்து மூலையில் பெய்துவிடுகிறான். இப்போது சில நாட்களாக அவன் படுத்தெழும்பிய இடத்திலும் ஈரம். போதாததற்கு ஊர்க் கடுவன் பூனை ஒன்று முன்கதவு நிலையிலும் செற்றியிலும் பீய்ச்சிவிட்டுப் போகிறது. குளோரின் பவுடர் போட்டுக் கழுவினேன், ஹார்பிக் ஊற்றித் தேய்த்தேன், லைசோல் விட்டேன், பின்னேரத்தில் சாம்பிராணியும் போடுகிறேன். வெயில் நாளில் மணமே இல்லை. மழை இருட்டினால் வீடு முழுக்க மூத்திர மணம். மகனுக்கு இழுப்பு இருக்கிறது. பொங்கலுக்குக் கனடாவிலிருந்து மச்சாள் குடும்பம் வருகிறது. டைல்ஸ் போட்டால் போய்விடும் என்கிறார் கணவர். நாயைக் கொண்டுபோய் எங்காவது விடு என்கிறார் மாமி. நான் என்ன செய்ய?

பதில்: தங்கச்சி, வெயில் நாளில் மணமில்லை, மழை இருட்டினால் மணக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டால் போதும். நீங்கள் போட்ட மருந்துகள் ஏன் வேலை செய்யவில்லை என்பது அதிலிருந்தே விளங்கிவிடும்.

மூத்திரத்தில் பெரும்பங்கு தண்ணீர்தான். மிச்சம் யூரியாவும் பலவகை உப்புகளும். சீமெந்துத் தரை கண்ணுக்குக் கெட்டியாகத் தெரிந்தாலும் உள்ளே முழுக்க நுண்துளை. ஜிம்மி பெய்ததில் நீங்கள் துடைத்தெடுத்தது மேலே நின்றதை மட்டும். மிச்சம் கீழே இறங்கிவிட்டது. தண்ணீர் நாளடைவில் காய்ந்து போகும், உப்பு அங்கேயே கிடக்கும். ஆனையிறவு உப்பை மூடாமல் வைத்தால் மாரியில் சிரட்டைக்குள் கசிந்து நிற்கிறதல்லவா? தரைக்குள் கிடக்கும் உப்பும் அப்படித்தான் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கிறது. ஈரம் வந்தவுடன் அங்கே உறங்கிக் கிடந்த பக்டீரியாக்கள் எழும்பி, மிச்சமுள்ள யூரியாவை அமோனியாவாக உடைக்கின்றன. ஐப்பசியிலிருந்து தை வரைக்கும் வன்னியில் காற்றின் ஈரப்பதன் பல நாள் 80 வீதத்துக்கு மேலேதான். ஆகவே ஜிம்மி புதிதாக ஒரு சொட்டும் பெய்யாவிட்டாலும் பழைய இடம் மணக்கும்.

பூனையின் கதை வேறு. பூனை மூத்திரத்தில் ஃபெலினின் என்றொரு அமினோ அமிலம் உண்டு. நலமடிக்காத கடுவனில் அது மிக அதிகம். பீய்ச்சிய உடனே பெரிதாக மணக்காது. நேரம் போகப்போக அது உடைந்து கந்தகம் கலந்த சேர்மமாக மாறும், அப்போதுதான் மூக்கைத் துளைக்கும். காலையில் தெரியாமல் கிடந்தது பின்னேரம் வீட்டைத் தூக்குவது இதனால்தான். நாய்க்குச் செய்யும் வைத்தியம் பூனை பீய்ச்சிய இடத்தில் பாதிதான் எடுபடும்.

இனி நீங்கள் செய்தவற்றைப் பார்ப்போம். முதலில் நிறுத்த வேண்டியது குளோரின் பவுடர். கிணற்றுக்கு அது நல்ல சாமான்தான். மூத்திரம் ஊறிய தரையில் விழுந்தால் அமோனியாவோடு சேர்ந்து குளோரமீன் என்ற வாயு கிளம்பும். கண் எரியும், தொண்டை கரகரக்கும். இழுப்புள்ள பிள்ளை இருக்கிற வீட்டில் அது விளையாட்டல்ல. அதன் மேலேயே ஹார்பிக்கையும் ஊற்றினால் இன்னும் மோசம். ஹார்பிக்கில் இருப்பது அமிலம், குளோரினோடு அமிலம் சேர்ந்தால் குளோரின் வாயுவே வரும். அதைத் தனியாக ஊற்றினாலும் சீமெந்தை அரிக்கும். அரித்த தரையில் துளைகள் பெரிதாகி அடுத்த தடவை இன்னும் ஆழமாக ஊறும். சிவப்புத் தரையில் எங்கேயாவது மங்கிச் சொரசொரப்பாக இருந்தால் அங்கேதான் ஹார்பிக் விழுந்திருக்கும், தடவிப் பாருங்கள்.

லைசோல், டெற்றோல் வகையில் வருகிற பீனோல் சரக்குகள் பூனைக்கு நஞ்சு. அவற்றை உடைத்து வெளியேற்றும் வசதி பூனையின் ஈரலில் போதாது. காலில் பட்டதை நக்கியே வருத்தம் வரும். வந்து பீய்ச்சும் பூனை உங்களுடையது இல்லைதான், அதற்காக நஞ்சு வைக்க வேண்டாம். நப்தலின் உருண்டைகளை மூலைக்கு மூலை போடும் வழக்கமும் சிலரிடம் உண்டு. நாய் பூனை மட்டுமில்லை, தவழும் பிள்ளை எடுத்து வாயில் வைத்தாலும் ஆபத்து. சாம்பிராணி மணத்தை மூடுமே தவிர எடுக்காது. மகனுக்கு இழுப்பு என்று எழுதிவிட்டுப் பின்னேரம் புகை போடுகிறேன் என்றும் எழுதியிருக்கிறீர்கள். பொங்கல் வரைக்குமாவது அதை நிறுத்திப் பாருங்கள்.

சரி, என்ன செய்வது? முதலில் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். மூலை என்று நீங்கள் நினைப்பது ஒரு இடம், அவன் உண்மையில் பெய்திருப்பது நாலு இடமாக இருக்கலாம். கள்ள நோட்டுப் பார்க்கிற ஊதா ரோர்ச் ஒன்று வாங்குங்கள், கடைகளில் மலிவாகக் கிடைக்கும். இரவில் எல்லா லைற்றையும் நிற்பாட்டிவிட்டு, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பிடித்து மெல்ல நகர்த்துங்கள். மூத்திரம் காய்ந்த இடம் மங்கலான மஞ்சள் பச்சையாக ஒளிரும். சவர்க்காரத் தூள் சிந்திய இடமும் ஒளிரும், ஆனால் அது நீலவெள்ளை. சந்தேகமென்றால் குனிந்து மணந்து பாருங்கள், வேறு வழியில்லை. கண்டுபிடித்த இடத்தைச் சுற்றி சோக்கால் கோடு போடுங்கள். கோட்டை ஒரு கையகலம் தள்ளியே போடுங்கள், உள்ளே இறங்கியது பக்கவாட்டிலும் பரவியிருக்கும். கதவு நிலையிலும் செற்றியின் பின்பக்கத்திலும் ஒரு சாண், ஒன்றரைச் சாண் உயரத்தில் பாருங்கள். பூனை நின்றுகொண்டு வாலைத் தூக்கிப் பின்பக்கமாகப் பீய்ச்சுவதால் கோடு கோடாக வழிந்திருக்கும்.

ரோர்ச் பிடிக்கும்போது கூரைப் பக்கமும் ஒருதரம் அண்ணாந்து பாருங்கள். சீலிங் அடித்த வீடுகளில் மரநாயும் வௌவாலும் எலியும் மேலே பெய்து, கீழே பழுப்பு வட்டமாக இறங்கும். பழியைச் சுமப்பது மட்டும் வீட்டு நாய்.

இனித்தான் முக்கியமான வேலை. உள்ளே போன உப்பை வெளியே எடுக்க வேண்டும். மேலே எதை ஊற்றினாலும் அது உப்பை இன்னும் கீழேதான் தள்ளும். வீக்கத்துக்குப் பத்துப் போடுவோமே, தரைக்கும் ஒரு பத்துப் போட வேண்டும். பழைய பேப்பரைக் கிழித்து ஒரு வாளித் தண்ணீரில் இரவு ஊறவையுங்கள். காலையில் கையால் பிசைந்தால் கூழாகிவிடும். தண்ணீர் சொட்டாத அளவுக்குப் பிழிந்து வைத்துக்கொள்ளுங்கள். சோக்கால் கோடு போட்ட இடத்தில் தண்ணீரை ஊற்றி அரை மணித்தியாலம் ஊறவிட்டு, மேலே நிற்பதைப் பழைய சாரத் துண்டால் ஒற்றியெடுங்கள். பிறகு அந்தப் பேப்பர்க் கூழை அரை அங்குல மொத்தத்தில் அப்புங்கள். இடையில் காற்றில்லாமல் கையால் நன்றாக அழுத்திவிட வேண்டும். மேலே ஒன்றும் மூட வேண்டாம். ஃபானை நிலத்தில் வைத்து அதன் பக்கம் திருப்பி விடுங்கள். கூழ் மேலே காயக் காய, தரைக்குள் இருக்கும் ஈரம் உப்பைக் கரைத்துக்கொண்டு மேலே ஏறிக் கூழுக்குள் வரும். அது அப்பளம் மாதிரி காய்ந்து ஓரம் கிளம்பும் வரைக்கும் விடுங்கள், மாரியில் இரண்டு நாளும் எடுக்கலாம். பிறகு உரித்துக் குப்பையில் போடுங்கள். உரித்த பேப்பரை மணந்து பார்த்தால் உள்ளே என்ன இருந்ததென்று தெரியும். பேப்பர் மணமில்லாமல் வரும் வரைக்கும் திரும்பச் செய்யுங்கள். பழைய இடமென்றால் மூன்று நாலு தடவை தேவைப்படும்.

இதற்குக் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், மழைத் தண்ணீர் பிடியுங்கள். எங்கள் பகுதிக் கிணறுகள் பலவற்றில் தண்ணீர் கடினம், கேத்திலுக்குள் படியும் வெள்ளைப் படையே சாட்சி. அந்தத் தண்ணீரில் சவர்க்காரம் நுரைக்காது, தரையில் வழுவழுப்பான படையாக நின்று மணத்தையும் சேர்த்துப் பிடித்து வைத்திருக்கும். கூரையிலிருந்து விழும் மழைத் தண்ணீரில் உப்பு இல்லையென்றே சொல்லலாம். முதல் பத்து நிமிடம் கூரையைக் கழுவிக்கொண்டு வருவதை விட்டுவிட்டு அதன்பிறகு பிடியுங்கள்.

கூடத்துச் சிவப்புத் தரைக்குப் பொலிஷ் பூசியிருந்தால் முதலில் வெந்நீரும் சவர்க்காரமும் போட்டு அதைத் தேய்த்தெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பொலிஷ் துளையை அடைத்துக்கொண்டு நிற்கும், பத்து இழுக்காது.

பத்துப் போடும் வேலை முடிந்த பிறகும் லேசாக மணம் இருந்தால், முக்கியமாகப் பூனை பீய்ச்சிய இடத்தில், பாமசிக்குப் போய்க் காயம் கழுவுகிற ஹைட்ரஜன் பெரொக்சைட் வாங்குங்கள். 3 வீதம் என்று போட்டிருக்க வேண்டும், 6 வீதமென்றால் அதேயளவு தண்ணீர் சேருங்கள். அரை லீற்றருக்கு இரண்டு மேசைக்கரண்டி அப்பச்சோடா, அரைத் தேக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவம். இது நான் கண்டுபிடித்ததல்ல. அமெரிக்காவில் ஸ்கங்க் என்றொரு பிராணி பீய்ச்சினால் நாயைக் கிட்ட எடுக்க முடியாது. அதற்காகப் போல் கிரேபோம் என்ற வேதியியலாளர் சொன்ன கலவை 1993இல் வெளியானது. ஸ்கங்கின் நாற்றமும் கடுவன் பூனையின் நாற்றமும் கந்தகச் சேர்மங்கள்தான், பெரொக்சைட் இரண்டையும் மணமற்றதாக மாற்றிவிடும். நனைய ஊற்றி ஒரு மணித்தியாலம் விட்டு, மழைத் தண்ணீரால் துடைத்தெடுங்கள்.

இதில் கவனம் இரண்டு. கலந்ததை உடனே பாவிக்க வேண்டும். போத்தலில் ஊற்றி மூடி வைத்தால் வாயு சேர்ந்து போத்தல் வெடிக்கும், மிஞ்சினால் கானில் ஊற்றிவிடுங்கள். மற்றது, குளோரினோடோ வினாகிரியோடோ கலக்கக் கூடாது. நீங்கள் முந்திக் குளோரின் போட்ட இடமென்பதால் பத்துப் போட்டுக் கழுவி முடிக்காமல் பெரொக்சைட் பக்கம் போகவே வேண்டாம். துணியிலும் செற்றியிலும் நிறத்தை வெளிறச் செய்யும், தெரியாத மூலையில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள்.

புதிதாகப் பெய்த இடத்துக்கு இவ்வளவு வேலை இல்லை. சாரத் துண்டை மடித்துப் போட்டு மேலே ஏறி நில்லுங்கள், தேய்க்க வேண்டாம். பிறகு ஒரு பங்கு வெள்ளை வினாகிரிக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்து ஒற்றினால் அமோனியா அடங்கிவிடும். அதைத் தினமும் செய்தால் வினாகிரியும் சீமெந்தை மெல்ல அரிக்கும், அளவோடு பாவியுங்கள். தேசிக்காய் பிழிவதாகச் சிலர் சொல்வார்கள். மணம் போகிறதோ இல்லையோ எறும்பு வரும். என்சைம் கிளீனர் என்று கொழும்பில் விற்கிறார்கள். நல்லதுதான், யாராவது வந்தால் கொண்டுவரச் சொல்லலாம். ஆனால் தெளித்தவுடன் துடைத்தால் காசு வீண். மணிக்கணக்கில் ஈரமாக நின்றால்தான் என்சைம் வேலை செய்யும், லைசோல் பட்ட இடத்தில் அதன் வேலை கெட்டும் போகலாம்.

செற்றியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உறையைக் கழற்றி முதலில் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள், வெந்நீர் கறையைப் பிடிக்க வைத்துவிடும். ஸ்பொன்ஞ்சுக்குள் ஊறியிருந்தால் மாரியில் அது காயாது, காயாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். செற்றி தைக்கிறவரிடம் அந்த ஒரு இருக்கைக்கு மட்டும் புது ஸ்பொன்ஞ் போடச் சொல்லுங்கள். தும்பு மெத்தையில் ஊறியிருந்தாலும் இதே கதைதான், மினக்கெட வேண்டாம். ஜிம்மி படுக்கிற உரப்பையையும் சாக்கையும் எறிந்துவிடுங்கள். சாக்கு மணத்தைக் குடித்துக் குடித்துத் திருப்பி விட்டுக்கொண்டே இருக்கும். பழைய சாரத்தை மடித்துப் போட்டால் தினமும் தோய்க்கலாம்.

கதவு நிலை முதிரை என்றால் பயமில்லை. இறுகின மரம், வார்னிஷ் இருக்கும் வரைக்கும் மேலேதான் நிற்கும், கழுவினால் போகும். நிலையின் கால் முனை தரையோடு சேரும் இடத்தில் வார்னிஷ் இராது. அங்கேதான் குடித்திருக்கும். பெரொக்சைட் கலவையைத் துணியில் நனைத்து அந்த முனையில் வைத்துக் கட்டிவிடுங்கள்.

மண் தரை வீடுகளிலிருந்தும் இதே கேள்வி வருவதால் ஒரு வார்த்தை. குசினி மெழுகின தரையென்றால் கழுவிப் பயனில்லை. மணக்கும் இடத்தை நாலு விரற்கடை ஆழத்துக்கு வெட்டியெடுத்து வெளியே கொட்டுங்கள். குழியை ஒரு நாள் ஆறவிட்டு, புற்றுமண்ணைக் குழைத்து நிரப்பி இடித்து, காய்ந்த பிறகு சாணி போட்டு மெழுகுங்கள். சீமெந்துக்காரர் நாலு கிழமை படும் பாட்டை நீங்கள் இரண்டு நாளில் முடித்துவிடலாம்.

இனி ஈரம். கூடத்துக்குள் கொடி கட்டி உடுப்புக் காயப்போடுகிறீர்களா? மாரியில் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். பிழிந்த உடுப்பில் இருக்கும் தண்ணீர் முழுவதும் வீட்டுக் காற்றுக்குள்தான் போகிறது, அங்கிருந்து தரை உப்புக்கு. கொடியை விறாந்தைக்கு மாற்றுங்கள். மழை தூறும்போது யன்னலைச் சாத்துங்கள், மத்தியானம் கொஞ்சம் வெயில் எறித்தால் எதிரெதிர் யன்னல்களைத் திறந்துவிடுங்கள். சிரட்டைக்கரியை நொறுக்கிச் சீலைத் துண்டில் கட்டி மூலையில் வைக்கலாம். ஏற்றுமதிக்குப் போகிற செயலூட்டிய கரிக்கும் மூலப்பொருள் சிரட்டைக்கரிதான். வீட்டுக் கரிக்கு அந்த வலு இல்லை, ஈரத்தையும் குடித்துவிடும், வெயில் வரும்போதெல்லாம் காயவைத்து எடுக்க வேண்டும். உதவிக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதை நம்பிப் பத்தை விட்டுவிடாதீர்கள்.

டைல்ஸ் விஷயத்தில் உங்கள் கணவரோடு எனக்கு உடன்பாடில்லை. மணக்கிற சீமெந்தின் மேல் டைல்ஸ் ஒட்டினால் மணம் கீழே சிறைப்பட்டு, இடுக்குப் பூச்சு வழியாக வெளியே வரும். அந்த இடுக்குப் பூச்சும் சீமெந்துச் சரக்குதான், அடுத்த மூத்திரத்தை அது குடிக்கும். பொங்கலுக்கு முன் அவசரப்பட்டுப் பெயின்ற் அடிப்பதும் அப்படித்தான், ஈரத் தரையில் கொப்புளம் போட்டு உரியும். இப்போது பத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சோளகக் காற்று அடிக்கும் வைகாசி, ஆனியில் தரை நன்றாகக் காய்ந்திருக்கும். அப்போது ஒன்றரை அடிச் சதுரமான பொலித்தீனைத் தரையில் வைத்து நாலு ஓரத்தையும் ரேப்பால் ஒட்டி, 16 மணித்தியாலம் கழித்துக் கிளப்பிப் பாருங்கள். அடியில் நீர்த்துளி நின்றாலோ சீமெந்து கறுத்திருந்தாலோ நிலத்தடி ஈரம் ஏறுகிறது என்று அர்த்தம், இன்னும் பொறுங்கள். காய்ந்திருந்தால் சீமெந்துத் தரைக்கென்று விற்கும் பெயின்ற்றை இரண்டு பூச்சு அடியுங்கள். அதன் பிறகு பெய்தால் மேலேயே நிற்கும், துடைத்தால் போய்விடும். டைல்ஸ் போடுவதும் அப்போது உங்கள் விருப்பம்.

இவ்வளவும் வீட்டுக்கு. நான் மிருக வைத்தியர் என்பதால் ஜிம்மியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மூலையில் போய்ப் பெய்வதும் படுத்த இடம் நனைவதும் ஒன்றல்ல. மூலையில் பெய்வது மழைக்குப் பயந்து. படுத்த இடம் நனைவது அவனுக்கே தெரியாமல் ஒழுகுவது. பதினொரு வயதுக் கடுவனுக்குப் புரஸ்ரேற் சுரப்பி வீங்கியிருக்கலாம், மூத்திரப்பையில் கிருமி இருக்கலாம், சலரோகமோ சிறுநீரக வருத்தமோ இருக்கலாம். தண்ணீர் வழமையை விட அதிகம் குடிக்கிறானா என்று பாருங்கள். எழும்பும்போது பின்னங்கால் பிடிக்கிறதா? மூட்டு நோவுள்ள கிழட்டு நாய்க்கு மாரிக் குளிரில் விறாந்தைப் படி இறங்குவதே பெரிய பாடு. அதற்காகப் பனடோல், டைக்ளோபெனாக் என்று வீட்டில் இருக்கும் குளிசையைக் கொடுத்துவிடாதீர்கள். பூனைக்கென்றால் ஒரு பனடோல் குளிசையே உயிரை எடுக்கும்.

கறையின் நிறத்தையும் பாருங்கள். வெறும் தேநீர், கோப்பி நிறத்தில் பெய்தால் அது உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். முரசு வெளிறி, சாப்பிடாமல் சோர்ந்து கிடந்தால் அன்றைக்கே கொண்டுவர வேண்டும். பூனை வளர்ப்பவர்களுக்கும் ஒன்று: கடுவன் பூனை திரும்பத் திரும்ப உட்கார்ந்து முக்கியும் சொட்டுச் சொட்டாகவே வந்தால், அல்லது வராமலே இருந்தால், குழாய் அடைத்துவிட்டது. ஓரிரு நாளில் செத்துப்போகும், காலை வரைக்கும் பார்ப்போம் என்று இருக்கக் கூடாது.

மழைக்கு வெளியே போகாத நாய்க்கு, விறாந்தையோடு சேர்த்து ஒரு கிடுகுப் பத்தி இறக்கிக் கொடுங்கள். நாலடிக்கு மூன்றடி போதும். கீழே மணல் பரப்பி, அவன் மூத்திரத்தை ஒற்றியெடுத்த சாரத் துண்டு ஒன்றை அங்கே போடுங்கள். மூக்கு அவனை அங்கே கொண்டுபோகும். விடியவும், சாப்பாட்டுக்குப் பிறகும், படுக்க முதலும் நீங்களே கூட்டிக்கொண்டு போய் நில்லுங்கள். பெய்தால் ஒரு துண்டுக் கருவாடு. உள்ளே பெய்ததற்கு அடிக்க வேண்டாம், அடி வாங்கிய நாய் செற்றிக்குப் பின்னால் ஒளித்துப் பெய்யப் பழகும், பிறகு ரோர்ச்சோடு நீங்கள்தான் அலைய வேண்டும்.

ஊர்க் கடுவனுக்கு நலமடிப்பதுதான் வழி. பெரும்பாலான கடுவன்கள் நலமடித்த பிறகு பீய்ச்சுவதை விட்டுவிடும் அல்லது நன்றாகக் குறைத்துவிடும், மணத்தின் கடுமையும் குறையும். யாருடைய பூனையென்று தெரியாவிட்டால் பக்கத்து வீட்டாரோடு கதைத்துப் பிடியுங்கள். உங்கள் பிரதேச அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் எப்போது செய்கிறார்கள் என்று கேட்கலாம். பிடிக்கிற வரைக்கும் இரவில் விறாந்தையில் மீன் முள்ளும் மிச்சச் சோறும் வைக்காதீர்கள்.

துப்புரவு செய்யும்போது றப்பர்க் கையுறை போடுங்கள், கையில் காலில் வெட்டுக்காயம் இருந்தால் கட்டாயம். நாய் மூத்திரத்திலும் எலிக்காய்ச்சல் கிருமி வரலாம். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் உயிர்களைக் கொண்டுபோனது நினைவிருக்கும். அந்தக் கிருமி ஈரத்தில் வாழும், காய்ந்தால் சாகும். நாய்க்கு வருடா வருடம் போடும் கூட்டுத் தடுப்பூசியில் அதுவும் உண்டு, ஜிம்மிக்குக் கடைசியாக எப்போது போட்டது என்று அட்டையைப் பாருங்கள். பேப்பர்க் கூழ் பிசையும் வேலையில் மகனைச் சேர்க்க வேண்டாம். அவனுடைய இழுப்பைப் பிள்ளைகளின் டொக்டரிடம் தனியாகக் காட்டுங்கள். நாய் மயிரும் காரணமாக இருக்கலாம், சுவர்ப் பூஞ்சணமும் இருக்கலாம், நான் இங்கிருந்து சொல்ல முடியாது. எதுவாக இருந்தாலும் ஜிம்மி அவன் படுக்கும் அறைக்குள் வராமல் இருப்பது நல்லது.

மாமியிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்: இரவில் யானை வேலிக்கு வந்தால் முதலில் குரைக்கிறவன் ஜிம்மிதான். அவனைக் கொண்டுபோய் விட்டாலும் தரைக்குள் இருக்கும் உப்பு கூடவே போகாது, அடுத்த மழைக்கும் மணக்கும். மச்சாள் வருவதற்கு மூன்று கிழமை இருந்தால் கூடத்தை மட்டும் முதலில் எடுங்கள், அறைகள் பிறகு. வந்திறங்கும் அன்று ஒரு வாசமும் தெளிக்க வேண்டாம். தெளித்தால்தான் எதையோ மறைக்கிறீர்கள் என்று கேட்பார்கள்.

ஜிம்மியை இந்தக் கிழமைக்குள் காட்டுங்கள், தூரமென்றால் மாங்குளம், முல்லைத்தீவு எங்கேயானாலும் பரவாயில்லை. வரும்போது அவனுடைய விடியற்காலை மூத்திரத்தில் கொஞ்சம் கொண்டுவாருங்கள். நீளமான அகப்பையில் சிறு கிண்ணத்தைக் கட்டி, அவன் காலைத் தூக்கியதும் பின்னாலிருந்து நீட்டினால் பிடித்துவிடலாம். முன்னால் போனால் நிறுத்திவிடுவான். கழுவிக் காயவைத்த சிறிய போத்தலில் ஊற்றி இரண்டு மணித்தியாலத்துக்குள் சேர்க்க வேண்டும். முடியாதென்றால் பிரிட்ஜில் வையுங்கள், மேலே பெரிதாக எழுதி ஒட்டிவிட்டு.